கரி என்று நான் சொன்னது

உள்ளுக்குள் ரத்தம் ஒழுகிக்கொண்டிருந்த ஒரு மனிதர் என் வாசலில் வந்து நின்று விவரம் கேட்டபோது, அது ரத்தமல்ல, கரி என்று சொல்லி அனுப்பிவைத்தவன் நான். அதோடு விட்டிருந்தாலாவது முட்டாள்தனத்தின் அளவு கொஞ்சம் குறைந்திருக்கும். உடம்பு தன் அழுக்கைத் தானே வெளியேற்றிக்கொள்ளும் திறமையைப் பற்றி, கையில் பல் தேய்க்கும் பிரஷ்ஷோடு கால் மணி நேரம் விளக்கமும் கொடுத்தேன். வாயில் இருந்த நுரையைத் துப்பிவிட்டுப் பேசியதாக ஞாபகம். அவ்வளவு அக்கறை.

இதில் கூடுதலாக வெட்கப்பட வேண்டிய விஷயம், நான் தெரியாமல் சொல்லவில்லை என்பது. மலம் தார் மாதிரி கருப்பாக, பிசுபிசுவென்று, ஒரு தனி நாற்றத்தோடு போனால் வயிற்றிலோ சிறுகுடலின் தொடக்கத்திலோ ரத்தம் கசிகிறது என்று நான் படித்திருந்தேன். அதற்கு ஆங்கிலத்தில் மெலீனா என்று பெயர். பெண் குழந்தைக்கு வைக்கலாம் போல இருக்கிறதே என்று நினைத்து, அந்தச் சொல்லுக்குக் கீழே பென்சிலால் கோடும் போட்டிருந்தேன். பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கிய மருந்தியல் புத்தகம் அது. தலையணை உயரம். சில ராத்திரிகளில் அந்த வேலையையும் அது பார்த்தது.

அப்போது ராயபுரத்தில் ரயில்வே லைனுக்குக் கிழக்கே ஒரு காம்பவுண்டில் குடியிருந்தேன். ஐந்து போர்ஷன், இரண்டு கக்கூஸ், ஒரு அடிபம்பு. துறைமுகத்தில் கரி யார்டு இருந்த காலம். மத்தியானம் கடல்காற்று கிளம்பினால் கரித்தூளும் கூடவே கிளம்பிவிடும். கொடியில் காயும் துணி, மூடாத சோறு, பிள்ளைகளின் மூக்கு, சாமி படத்துக் கண்ணாடி என்று எதையும் விட்டுவைக்காது. எங்கள் தெருவில் வெள்ளை வேட்டி கட்டுகிறவர்கள் இரண்டே ரகம்: கட்சிக்காரர், புதிதாகக் குடிவந்தவர்.

துறைமுகத்தில் சரக்கு விடுவித்துத் தரும் ஏஜெண்டு ஒருவரிடம் நான் குமாஸ்தா. போண்டா மடித்து வந்த காகிதத்தைக்கூடப் பிரித்துப் படித்துவிட்டுத்தான் எறிவேன் என்பதால் காம்பவுண்டில் எனக்கு ‘வாத்யாரே’ என்று பெயர். யாருக்கும் எதையும் நான் கற்றுக்கொடுத்ததில்லை. ஆனால் யார் எதைக் கேட்டாலும் தெரியாது என்று சொன்னதும் இல்லை. அந்தப் பட்டத்துக்கு அது போதும்.

பக்கத்துப் போர்ஷனில் இருந்தவர் கரி யார்டில் பேலோடர் டிரைவர். கரியை வாரி லாரியில் கொட்டும் யானை மாதிரி வண்டி அது. என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர். காலையில் வெள்ளைப் பல்லோடு போய், சாயங்காலம் வெள்ளைப் பல் மட்டுமாகத் திரும்பி வருவார். அவர் மனைவி காசிமேட்டில் இறால் உரிக்கும் ஷெட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். மனைவியிடம் மீன் நாற்றம், தன்னிடம் கரி நாற்றம், இரண்டும் சேர்ந்தால்தான் எங்க வூடு என்று டிரைவர் சொல்லுவார்.

அந்த வண்டியின் சீட்டில் ஸ்பிரிங் செத்துப் பல வருஷம் ஆகியிருந்தது. குழி, மேடு எல்லாம் நேராக அவர் இடுப்பில் போய் இறங்கும். சாயங்காலம் வண்டியை விட்டு இறங்கியதும் நிமிர முடியாமல் கொஞ்ச தூரம் குனிந்தபடியே நடப்பார். யாராவது பார்த்தால் எதையோ கீழே தேடுவது போல நடிப்பார்.

நடிக்கக் காரணம் இருந்தது. கரி எண்ணூருக்குப் போகப்போகிறது என்று யார்டில் ஒரே பேச்சு. அங்கே புதுத் துறைமுகம் வந்துவிட்டது, எல்லாம் மிஷின், இங்கே பாதிப் பேருக்கு வேலை இருக்காது. காண்ட்ராக்டர் தன் டிரைவர்களில் நாலே பேரைத்தான் எண்ணூருக்குக் கூட்டிப்போகப்போவதாகச் சொல்லியிருந்தார். வருகிற ஆடி வரைக்கும் ஒரு நாள்கூட லீவு போடாதவன், உடம்பில் கோளாறு இல்லாதவன். அந்த நாலு பேரில் ஒருவராக இருந்தாக வேண்டும் என்பதுதான் அந்த வருஷம் முழுக்க எங்கள் டிரைவருக்கு இருந்த ஒரே எண்ணம். இடுப்பு வலி என்று ஆஸ்பத்திரிச் சீட்டு எடுத்தால் கதை முடிந்தது. ஆகவே வலி இருக்கலாம், வலி இருப்பது வெளியே தெரியக் கூடாது.

இதற்கு எங்கள் பக்கத்தில் வழி இருந்தது. தெருமுனை மெடிக்கல் ஷாப்பில் யாரும் மருந்தின் பெயரைச் சொல்லிக் கேட்பதில்லை. “ஒரு வேளை செட்டு குடுங்க, இடுப்பு” என்றால் போதும். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து கடை வைத்திருந்த அண்ணாச்சி கத்தரிக்கோலை எடுத்து அட்டையிலிருந்து சிவப்பில் ஒன்று, வெள்ளையில் பொடியாக ஒன்று, வயிற்றுக்கு என்று ஒன்று வெட்டி, பழைய பேப்பர் கவரில் போட்டு மடித்துத் தருவார். கவரில் பெயர் இருக்காது. வெட்டிய துண்டில் பாதி எழுத்து இருக்கும், அதையும் அவசரத்தில் யாரும் படிப்பதில்லை. சாப்பிட்டாச்சா என்று மட்டும் ஒவ்வொருவரிடமும் தவறாமல் கேட்பார். எல்லோரும் ஆச்சு என்பார்கள். பெரும்பாலும் டீ.

டிரைவர் காலையில் ஒரு செட்டு போட்டுக்கொண்டு வண்டி ஏறுவார். முதலில் வாரத்துக்கு இரண்டு நாள், பிறகு தினமும். ஞாயிற்றுக்கிழமை தெருக்கோடிக் கம்பவுண்டரிடம் ஒரு ஊசி. மாத்திரைதான் வயிற்றைக் கெடுக்கும், ஊசி வயிற்றுக்கே போகாது என்பது எங்கள் பகுதியில் பால்குடி மறந்த எல்லோருக்கும் தெரிந்த உண்மை. உண்மையாக இல்லை என்பது மட்டும்தான் அதில் குறை.

சித்திரை வெயில் ஏறியதும் காலைச் செட்டு சாயங்காலத்துக்குள் தீர்ந்துபோக ஆரம்பித்தது. இங்கேதான் நான் வருகிறேன்.

எனக்கு அதற்கு முந்தைய மாதம் கடைவாய்ப் பல் பிடுங்கியிருந்தார்கள். அப்போது எழுதிக்கொடுத்த ஆரஞ்சு நிற மாத்திரை ஒரு அட்டை மிச்சம் இருந்தது. டிரைவர் சுவரைப் பிடித்துக்கொண்டு கக்கூஸிலிருந்து வருவதைப் பார்த்து, மனம் இளகி, அட்டையோடு எடுத்துக் கொடுத்தேன். வெறும் கையால் கொடுத்தால் வாத்தியாராக இருந்து என்ன பயன்? காலையில் அண்ணாச்சி செட்டு, சாயங்காலம் இது, நடுவில் எட்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள் என்று நேரமும் வகுத்துக் கொடுத்தேன். அந்த எட்டு மணி நேரத்தை எங்கிருந்து பிடித்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. சொல்லும்போது கம்பீரமாக இருந்தது.

அட்டை தீர்ந்ததும் அதே ஆரஞ்சு மாத்திரையை அவரே வாங்கிக்கொள்ள ஆரம்பித்தார்.

அந்தச் சிவப்பு டைக்ளோஃபினாக், இந்த ஆரஞ்சு இபுபுரூஃபன். என் தலையணைப் புத்தகத்தில் இரண்டும் ஒரே அத்தியாயம், எதிரெதிர்ப் பக்கம். புத்தகத்தை மூடினால் ஒன்றின் முகம் மற்றதன் முகத்தில் ஒட்டும். ஆனால் நிறம் வேறானால் மருந்தும் வேறு என்பது எங்கள் காம்பவுண்டின் மருந்தியல். படித்த மருந்தியலும் குடியிருந்த மருந்தியலும் மோதியபோது எனக்குள் ஜெயித்தது குடியிருந்ததுதான்.

அந்த அத்தியாயத்தை நான் என் பாஷையில் இப்படித்தான் புரிந்துவைத்திருந்தேன். வலி மாத்திரை வலிக்கிற இடத்தைத் தேடிப்போவதில்லை. உடம்பில் அடிபட்ட இடத்திலெல்லாம் புரோஸ்டாகிளாண்டின் என்ற ஒரு சரக்கு தயாராகிறது. இங்கே வலிக்கிறது, வீங்குகிறது என்று ஊரைக் கூட்டுவது அதுதான். மாத்திரை அந்தத் தயாரிப்பை நிறுத்துகிறது. காயம் அப்படியே இருக்கும், ஊரைக் கூட்டுகிற சத்தம் மட்டும் நின்றுவிடும். திருவொற்றியூர்ப் பக்கத்து ஆலை ஒன்றில் சங்கு ஊதுகிற ஆளையே தொட்டிக்குத் தண்ணீர் திறந்துவிடவும் வைத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சங்குச் சத்தம் பொறுக்கவில்லை என்று அவனை வீட்டுக்கு அனுப்பினால் அன்றைக்கு நிம்மதியாகத்தான் இருக்கும். தொட்டி வறண்டது அப்புறம்தான் தெரியும். வயிற்றின் உள்சுவரை அதன் அமிலத்திலிருந்து காக்கும் வழவழப்பைச் சுரக்கவைப்பதும் அதே சரக்குதான். உடம்பில் தண்ணீர் குறைந்த நேரத்தில் சிறுநீரகத்துக்கு ரத்தம் போகிற வழியைத் திறந்து பிடித்திருப்பதும் அதேதான். மாத்திரையை வாயில் போட்டாலும் இடுப்பில் ஊசியாகக் குத்தினாலும் ரத்தத்தில் கலந்து அந்த ஒரே ஆளைத்தான் வீட்டுக்கு அனுப்புகிறது. செட்டில் இருந்த பொடி வெள்ளை மாத்திரை ஸ்டீராய்டு. வலி மாத்திரையோடு அது சேர்ந்தால் வயிறு புண்ணாவது இன்னும் சுலபம்.

இத்தனையும் தெரியும். கூட்டிப் பார்க்கத்தான் தெரியவில்லை.

அது தண்ணீர் லாரிக்குப் பின்னால் குடத்தோடு ஓடிய வருஷங்களில் ஒன்று. யார்டில் டிரைவர்கள் குடிப்பதற்கு ஒரு பிளாஸ்டிக் கேன், அதுவும் மத்தியானத்துக்குள் காலி. குடித்தாலும் ஒதுங்குவதற்கு வண்டியை நிறுத்தி அரை மைல் நடக்க வேண்டும் என்பதால், குடிக்காமலிருப்பதே புத்திசாலித்தனம் என்று முடிவு செய்திருந்தார்கள். ஷிப்டு முடிந்ததும் ஆளுக்கு ஒரு வெல்லக் கட்டி, ஒரு வாழைப்பழம். வெல்லம் தொண்டையில் ஒட்டிய கரியை இழுத்துக்கொண்டு வயிற்றுக்குள் போகும், பழம் அதை வெளியே தள்ளும் என்பது யார்டின் நம்பிக்கை. காண்ட்ராக்டர் வேறெதில் குறை வைத்தாலும் வெல்லத்தில் குறை வைத்ததில்லை.

வைகாசியில் ஒரு நாள் காலை காம்பவுண்டில் சண்டை. கடைசிப் போர்ஷன் அம்மாள், கக்கூஸில் யாரோ தார் டின்னைக் கவிழ்த்துவிட்டார்கள், எத்தனை பக்கெட் ஊற்றினாலும் போகவில்லை என்று கத்திக்கொண்டிருந்தார். தண்ணீர் இல்லாத வருஷத்தில் பக்கெட் கணக்குக்கு ஒரு தனிக் கோபம் உண்டு. பல் தேய்த்துக்கொண்டு நின்ற என்னிடம் டிரைவர் மெதுவாக வந்தார்.

“வாத்யாரே, அது நான்தான். ரெண்டு வாரமா அப்டித்தான் போவுது. கரிதான அது?”

கேள்வியின் கடைசியில் ஒரு இழுப்பு இருந்தது. இப்போது கேட்கிறது. அன்றைக்கு எனக்குக் கேட்டது, என் அறிவை யாரோ நாடி வந்திருக்கிறார்கள் என்பது மட்டுமே. நான் சொன்னேன்: மூக்கால் போன கரி தொண்டைக்கு வருகிறது, தொண்டையிலிருந்து எச்சிலோடு வயிற்றுக்கு, வயிற்றிலிருந்து வெளியே. உள்ளே போனது வெளியே வந்துதானே ஆக வேண்டும். வராவிட்டால்தான் பயப்பட வேண்டும். வெல்லம் வேலை செய்கிறது என்று அர்த்தம். உங்கள் உடம்பு நல்ல உடம்பு.

கடைசிப் போர்ஷன் அம்மாளுக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னேன். கரிதான் என்று கேட்டதும் அந்தம்மாள் பக்கெட்டை வைத்துவிட்டு உள்ளே போனார். டிரைவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. நான் வாய் கொப்பளித்தேன்.

அதன் பிறகு அவர் வெளுக்க ஆரம்பித்தார். கரியைக் கழுவிய பிறகும் கருப்பாகவே இருக்க வேண்டிய முகம், கழுவினால் சாம்பலாக இருந்தது. அடிபம்பில் நாலு அடி அடித்துவிட்டு நின்று மூச்சு வாங்குவார். வெயில் என்றார். வெயில்தான் என்றேன். வயிறு எரிகிறது என்று பாலில்லாத டீயை விட்டுவிட்டு அமிலத்தை அடக்கும் ஏதோ குழம்பு மருந்து வாங்கிக் குடித்தார். எரிச்சல் நின்றது, ஆகவே சரியாகிவிட்டது என்று இருவரும் ஒத்துக்கொண்டோம். அவர் மனைவி ஒரு நாள் என்னிடம், “இந்தாளு ராத்திரில ஒண்ணுக்கே ஏந்துக்கறதில்லண்ணா, முன்னெல்லாம் ரெண்டு தபா ஏந்துப்பாரு” என்று கவலையாகச் சொன்னார். நல்ல தூக்கம் என்றேன். என் வைத்தியத்தில் கெட்ட செய்தி என்ற ஒரு வகையே கிடையாது.

ஆடி பிறக்கப் பத்து நாள் இருக்கும்போது, காலை ஷிப்டில் வண்டிக்கு ஏறும் இரும்பு ஏணியின் இரண்டாவது படியில் கால் வைத்தவர் அப்படியே பின்னால் சாய்ந்தார். விழுந்த இடத்தில் வாந்தி எடுத்தார். டிகாக்ஷன் இறக்கிய பிறகு ஃபில்டரில் மிஞ்சுமே, அந்த நிறத்தில், அந்த மாதிரித் துகள் துகளாக. அதையும் கரி என்றுதான் முதலில் நினைத்தார்களாம். கரித் தரையில் அது தனியாகத் தெரியவும் இல்லை.

என் ஆபீசுக்கு ஆள் அனுப்பிச் சொன்னார்கள். நான் போய்ச் சேரும்போது பெரிய ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவில் கட்டிலில் கிடந்தார். ஒரு கையில் சலைன், மறு கையில் ரத்தம் ஏற்ற இடம் தேடிக்கொண்டிருந்தார்கள். இறால் ஷெட்டிலிருந்து அப்படியே ஓடிவந்த மனைவி, கையில் இறால் ஈரம் காயாமல் நின்றிருந்தார். வெளியே வராந்தாவில் யார்டு ஆட்கள் ஆறு பேர், ரத்தம் கொடுக்க வந்து, சுவரில் சாய்ந்தால் சுவர் கருப்பாகும் என்று சாயாமல் வரிசையாக நின்றிருந்தார்கள். நானும் ரத்தம் கொடுக்கப் போனேன். விரல் நுனியில் குத்திப் பார்த்துவிட்டு, உங்களுக்கே போதாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். எனக்குள் நீர்த்திருந்தது அறிவு மட்டுமல்ல என்று தெரிந்தது.

சின்ன வயசு லேடி டாக்டர் ஒருவர்தான் அன்று டூட்டி. ராத்திரி முழுக்கக் கண் மூடாத முகம். மோஷன் என்ன கலரில் போனது என்று டிரைவரின் மனைவியிடம் கேட்டார்.

“கருப்பா போச்சும்மா. அது கரி. இதோ இந்த அண்ணன்தான் சொன்னாரு, படிச்சவரு” என்று அந்தம்மாள் என்னைக் காட்டினார். குற்றம் சாட்டும் தொனி கொஞ்சமும் இல்லை. சாட்சிக்குப் பெரிய மனிதரைக் காட்டுகிற தொனி.

டாக்டர் என்னைப் பார்த்தார். “நீங்க டாக்டரா?”

“இல்ல மேடம், ஷிப்பிங்.”

அவர் எழுந்து வராந்தாவுக்குப் போய், வரிசையாக நின்ற ஆறு பேரையும் பார்த்து, யார்டில் எத்தனை வருஷமாக வேலை செய்கிறீர்கள் என்று விசாரித்தார். பத்து, பதினாலு, எட்டு என்றார்கள்.

“உங்களுக்கெல்லாம் மோஷன் கருப்பா போகுதா?”

ஆறு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு பெண் டாக்டரிடம் எப்படிச் சொல்வது என்ற கூச்சம். கடைசியில் மூத்தவர், தரையைப் பார்த்தபடி, “இல்லம்மா. எல்லாரையும் மாரி மஞ்சாத்தான் போவுது” என்றார். மற்ற ஐந்து தலைகளும் ஆமாம் என்று ஆடின.

அவ்வளவுதான் சோதனை. மைக்ராஸ்கோப் வேண்டாம், மருந்தியல் புத்தகம் வேண்டாம். கரியால்தான் கருக்கிறது என்றால் யார்டு முழுக்கக் கருத்திருக்க வேண்டுமே என்று ஒரே ஒரு கேள்வி. இருபது வருஷம் அந்தக் கரிக்குள் குடியிருந்த எனக்கு, எனக்கே மஞ்சளாகத்தான் போகிறது என்பதை ஒவ்வொரு நாளும் கண்ணால் பார்த்துக்கொண்டும், அந்தக் கேள்வி தோன்றவில்லை.

டிரைவரின் சட்டைப் பையில் இருந்த பேப்பர் கவரைப் பிரித்து மேஜையில் கொட்டினார்கள். சிவப்பு நாலு, ஆரஞ்சு மூன்று, பொடி வெள்ளை நாலு, வயிற்றுக்கு என்றது நாலு. டாக்டர் சிவப்பையும் ஆரஞ்சையும் பேனா முனையால் ஒரு பக்கம் ஒதுக்கினார். இரண்டும் ஒரே வகை, ஒன்று போட்டால் மற்றது தேவையே இல்லை, சேர்த்துப் போட்டால் வலி இரண்டு மடங்கு குறையாது, கெடுதல்தான் கூடும் என்று அந்தம்மாளிடம் பொறுமையாகச் சொன்னார். அந்தம்மாள் ஆரஞ்சு மாத்திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அது எந்த வீட்டிலிருந்து வந்தது என்று அவருக்கும் தெரியும். சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

குழாய் விட்டுப் பார்த்ததில் வயிற்றில் ஆழமான புண், அதில் திறந்திருந்த ஒரு ரத்தக் குழாய். அதை அடைத்தார்கள். ரத்தம் நின்றது. சிறுநீர் சரியாக இறங்க இன்னும் எத்தனையோ நாள் ஆனது. பரிசோதனைச் சீட்டில் கிரியாட்டினின் என்ற ஒரு எண்ணைத்தான் ஒவ்வொரு காலையும் எல்லோரும் எட்டிப் பார்த்தோம். வண்டியில் தண்ணீர் குடிக்காமல் காய்ந்த உடம்பில், சிறுநீரகத்துக்கு வழி திறந்து பிடித்திருந்த ஆளையும் நாங்கள் வீட்டுக்கு அனுப்பியிருந்தோம். எண் இறங்கியது. பழைய இடத்துக்கு முழுக்க இறங்கவில்லை.

ஆடி முதல் தேதி நாலு பேர் எண்ணூருக்குப் போனார்கள். அன்று அவர் வார்டில் படுத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்திருந்தார். அந்த ஜன்னலிலிருந்து ஒரு சுவர்தான் தெரியும்.

குற்றத்தைப் பங்கு போட ஆள் தேடி நான் அண்ணாச்சியிடம் சண்டைக்குப் போனேன். மருந்துச் சீட்டு இல்லாமல் மாதக்கணக்கில் வெட்டிக்கொடுத்தது நியாயமா என்று கேட்டேன். அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். தப்புதான் என்று முதலில் ஒத்துக்கொண்டார். எதிர்பார்க்காததால் எனக்கு அடுத்த வசனம் மறந்துபோயிற்று. பிறகு அவர் நிதானமாகச் சொன்னார்.

“வைகாசி மூணாவது வாரமே நிறுத்திட்டேன் சார். மூஞ்சி வெளுத்திருக்கு, ஆஸ்பத்திரில காட்டிட்டு வாங்க, அதுவரைக்கும் மாத்திரை கெடையாதுன்னு ரெண்டு தடவை சொன்னேன். வாத்யார் பெரிய புஸ்தகமெல்லாம் படிச்சவரு, ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாருன்னு சொல்லிட்டு, பாலத்துக்கு அந்தாண்ட கடையில வாங்கிக்கிட்டாரு. நீங்க சொன்னீங்களாமே?”

வீட்டுக்கு வந்து புத்தகத்தில் அந்தப் பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். பென்சில் கோடு அப்படியே இருந்தது. ஸ்கேல் வைத்து நேராகப் போட்டிருந்தேன். பிற்பாடு வயிற்றைத் தொடாத புது வலி மாத்திரை வந்துவிட்டது என்று பேப்பரில் பெருமையாக எழுதினார்கள். அதில் ஒன்று இதயத்துக்கு ஆகவில்லை என்று திரும்ப எடுத்துக்கொண்டதையும் அதே பேப்பரில் படித்தேன். கோடு போடவில்லை.

டிரைவருக்கு இனி எந்த வலி மாத்திரையும் கூடாது, தாங்கவே முடியாவிட்டால் பாராசிட்டமால், அதுவும் சொன்ன அளவுக்கு மேல் போகக் கூடாது என்று சீட்டில் சிவப்பு மையில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். இடுப்பு வலி அப்படியே இருந்தது. அதற்கு இப்போது பதில் சொல்ல ஆளில்லை. சில மாதம் கழித்து திருவொற்றியூரில் ஒரு கண்டெய்னர் யார்டில் கேட் வாட்ச்மேன் வேலை கிடைத்தது. வண்டி ஓட்ட வேண்டாம். உட்கார்ந்தால் வலிக்கும், நின்றால் வலிக்கும், கொஞ்சம் நடந்தால் பரவாயில்லை என்பதால் அந்த யார்டில் கேட்டைச் சுற்றியே நடக்கும் வாட்ச்மேன் என்று பெயர் வாங்கினார். முதலாளிக்கு மிகத் திருப்தி.

அவரிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு ஒரு வருஷம் ஆனது. அதற்காக மனசுக்குள் ஒரு பேச்சு தயாரித்திருந்தேன். அரைகுறைப் படிப்பின் ஆபத்து, நம்பி வந்தவரை ஏமாற்றிய பாவம் என்றெல்லாம் நன்றாக வந்திருந்தது. ஒரு இடத்தில் என் கண்ணே கலங்கியது. ஆபீஸ் வேலையாக அந்த யார்டுக்குப் போன ஒரு மத்தியானம், கேட் அருகில் அவரோடு நடந்துகொண்டே பேச்சை எடுத்தேன். இடுப்பில் துண்டை இறுக்கிக் கட்டியிருந்தார். பாதிப் பேச்சுக்கு மேல் அவர் பொறுக்கவில்லை. கையைக் காட்டி நிறுத்தினார்.

“இன்னா வாத்யாரே, நீ சொன்னதாலதான் நான் ஆஸ்பத்திரிக்குப் போவலைன்னு நெனச்சிகினு கீறியா?”

நான் தலையை ஆட்டினேன்.

“கரி இல்லன்னு எனுக்கே தெரியும். கூட வேல செய்றவனுக்கு யாருக்கும் அப்டி போவல, விசாரிச்சிட்டேன். அண்ணாச்சியாண்ட கேட்டா ஆஸ்பத்திரிக்குப் போன்றாரு. கம்பவுண்டராண்ட கேட்டா டெஸ்ட் எடுன்றான். என் பொஞ்சாதியாண்ட சொன்னா அயுதுகினே இட்டுகினு போயிடுவா. எத்தக் கேட்டாலும் ஒண்ணியும் இல்லன்னு சொல்ற ஆளு நம்ம காம்பவுண்ட்லயே நீ ஒர்த்தன்தான். அதான் உன்னாண்ட கேட்டேன்.”